மூக்கு என் பக்கம்

முதல் இரண்டு மாதம்
வாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வால் என் பக்கம், மூக்கு ஏரியின் பக்கம்.
அப்படி நின்றால்
வலது என்றால் வலது, இடது என்றால் இடது.
அதில் ஒரு சின்னச் சமாதானம்.

அடியில் குறுக்காகக் கட்டிய இரண்டு கம்பிகள்,
நான்கு முனையிலும் ஆரஞ்சு நிறப் பிங்பாங் பந்துகள்.
உறைந்த ஏரியின்மேல் அது பறக்கவில்லை,
வழுக்கியது.
முழங்கால் உயரத்தில்
தன் காற்றைத் தானே மிதித்துத் தடுமாறியது.
"அந்த உயரம்தான் மோசம், ஏற்று" என்றான் ஆவ்லிஸ்.
பனி அள்ளும் வண்டி ஓட்டுபவன்,
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன்,
ஒரு நாளைக்கு இத்தனை சொல் என்று அளந்து பேசுபவன்.
ஏற்றினேன்.
எனக்கு வயிறு இறங்கியது.

கயானியில் முடிவெட்டுகிறேன், இருபத்தாறு வருடமாக.
ஒரு தலைக்கு முப்பது யூரோ.
அதனால் விபத்துகளைத் தலைகளில் எண்ணுகிறேன்:
மேல் இறக்கை ஒரு ஜோடி, இரண்டு தலை.
வால் குழாய், அரைத் தலை.
உள்ளே ஓடும் அந்த ஒல்லி அச்சு
வளைந்தது கண்ணுக்கே தெரியாது,
கண்ணாடிமேல் உருட்டினால்தான் காட்டிக்கொடுக்கும்;
அது கால் தலைதான்,
மாற்றுவதற்கு ஒரு ஞாயிறு முழுசாகப் போகும்.
மார்ச் பிறக்குமுன்
முப்பத்தெட்டு தலை உருண்டுவிட்டது.

ஏன் இதெல்லாம் என்று தங்கை ஓர்வொக்கி கேட்டாள்.
கடை மூடியபின்னும்
விரல்கள் வெறும் காற்றில்
திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன, பார்த்ததில்லையா?
அதுகளுக்கு ஏதாவது தர வேண்டியிருந்தது.
இதை அவளிடம் சொல்லவில்லை.
காப்பி ஊற்றினேன்.

மின்கலத்தைக் கம்பளிச் சட்டைக்குள்
வயிற்றோடு ஒட்டிக் கொண்டுபோவேன்.
குளிரில் அது சோம்பேறி.
சூடு காட்டினால் ஆறு நிமிடம் தரும்.
ஆறு நிமிடத்துக்காக
நாற்பது நிமிடம் கார் ஓட்டுகிறேன்.

"திருப்பு" என்றான் ஒரு சனிக்கிழமை.
"மூக்கை உன் பக்கம் கொண்டுவா."
சிரித்தேன்.
நாள் முழுக்கக் கண்ணாடிக்குள் இருக்கும் முகங்களோடு
பேசிக்கொண்டே வெட்டுகிறவள் நான்.
இடவலம் மாறுவது என் பிழைப்பு.

திருப்பினேன்.
அது என்னைப் பார்த்தது,
மஞ்சள் மூக்கில் நானே ஒட்டிய
இரண்டு கறுப்புக் கண்களால்.
என் இடப்பக்கம் சரிந்தது.
கட்டைவிரலை வலதுக்குத் தள்ளினேன்.
இன்னும் சரிந்தது.
இன்னும் தள்ளினேன்.
உதவ உதவ விழுந்தது.

பனியில் ஒரு நீளக் கீறல்.
ஒரே ஒரு பந்து மட்டும்
கரைவரை உருண்டுபோனது, அவசரமே இல்லாமல்.
மூன்று தலை. நாற்பத்தொன்று.

என் கண் கண்ணாடி பார்த்திருக்கிறது,
கட்டைவிரல் பார்த்ததில்லை.

ஆவ்லிஸ் இறக்கைத் துண்டுகளைப் பொறுக்கியபடி
அன்றைய மிச்சச் சொற்களைச் செலவழித்தான்:
"வலது இடது நினைக்காதே.
வேலி சாய்ந்தால் கட்டையை எந்தப் பக்கம் வைப்பாய்?
சாயும் பக்கம். முட்டுக் கொடு."

இரண்டு வாரம் கணினித் திரையில் மட்டும் விழுந்தேன்.
அங்கே தலைகள் இலவசம்.

பிறகு ஏப்ரல்.
பனிக்கட்டி சாம்பல் நிறமாகி
இனி ஏறாதே என்று முனகத் தொடங்கியது.
கரையிலேயே நின்று ஏற்றினேன், திருப்பினேன்.
சரிந்தது.
விரல் சாயும் பக்கமே போனது,
நான் அனுப்பவில்லை.
நிமிர்ந்தது. மறுபக்கம் சரிந்தது. அங்கேயும் போனது.
பதினோரு நொடி.
என் கண் உயரத்தில் ஒரு மஞ்சள் மூக்கு,
மூச்சு வாங்குவதுபோல் ஆடிக்கொண்டு.
ரிமோட் கீச்சிட்டது, இறக்கினேன்.
ஒரே வட்டமாக இருந்தது
மெதுவாக இரண்டு இறக்கையானது.
ஆவ்லிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பியை மட்டும் பின்னால் தள்ளிக்கொண்டான்.

திங்கட்கிழமை
தபால்காரர் ஹெய்மோவின் கிருதா
இடப்பக்கம் அரை விரல் குட்டை.
கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தோம், இருவரும்.
"எந்தப் பக்கம்?" என்றார்.
என்னால் சொல்ல முடியவில்லை.
காசு வாங்கவில்லை.

நாற்பத்திரண்டு.